மோட்டார் ஆஃப்ல இருக்கு, மீட்டர் மட்டும் ஓடுது

ஈபி மீட்டர்ல சின்னதா ரெண்டு லைட்டு இருக்கும்ங்க. ஒண்ணு விட்டு விட்டு மின்னும், பக்கத்துல 3200 இம்ப்னு போட்டிருக்கும், சில மீட்டர்ல 1600. இன்னொண்ணு ஈஎல்னு போட்டது, அது சாதாரணமா எரியவே கூடாது. எங்க வீட்டு மீட்டர்ல அது பகல் ராத்திரின்னு இல்லாம எரிஞ்சுட்டே இருந்துச்சு. அது என்னன்னு தேடிப் போனதுல கரண்டு பில்லு எந்த லெவலுக்கு எறங்குச்சுன்னு எழுதி வச்சா யாருக்காச்சும் ஆகும்னு தோணுச்சு.

வீடு சென்னிமலை பக்கம். ஏசி இல்ல, கீசர் இல்ல, வெந்நிக்கு இன்னும் தென்னமட்டையும் பாளையும் தான் எரியுது. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, டிவி, மூணு ஃபேன், ஒரு பழைய இன்வெர்ட்டர், அப்பறம் வேப்பமரத்தடியில போர்ல ஒரு ஹெச்பி சப்மெர்சிபிள். ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட் பக்கம் வரும், அவ்ளோதான். திடீர்னு ஒரு பில்லு 640னு வந்து நிக்குது.

யூனிட்டு ரெண்டு மடங்கு கூட ஆகல, ஆனா பணம் மூணு மடங்கு. 2022 செப்டம்பர்ல வந்த ரேட்டை வச்சே கணக்கு சொல்றேன், 2024ல இன்னும் கொஞ்சம் ஏத்திட்டாங்க, ஆனா ஸ்லாப் போற விதம் அதே தான். முதல் 100 யூனிட் ஃப்ரீ. மொத்தம் 500க்குள்ள நின்னா 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.25, 400 வரைக்கும் 4.50, 500 வரைக்கும் 6 ரூவா. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 காணாம போயிரும், 101வது யூனிட்டுல இருந்து 400 வரைக்குமே 4.50 தான், 500 வரைக்கும் அதே 6 ரூவா, 500க்கு மேல 8 ரூவா, 600க்கு மேல 9 ரூவா. 380 யூனிட்டுக்கு 1,035 ரூவா கட்டிட்டு இருந்த வீடு 640க்கு 3,110 கட்டணும். 500ல நின்னா 1,725, 510 ஆனா 2,030, அதாவது அந்தக் கடைசி பத்து யூனிட்டுக்கு மட்டும் 305 ரூவா. அதனால 500க்கு மேல போற வீட்ல ஒரு யூனிட் மிச்சம் பண்றதும் 300ல இருக்கற வீட்ல ஒரு யூனிட் மிச்சம் பண்றதும் ஒண்ணு கெடையாது.

வீட்ல ஆளாளுக்கு ஒரு குற்றவாளி. அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் மேல சந்தேகம், "அத்தாம்பெரிய பொட்டி எதுக்குன்னு அன்னைக்கே கேட்டேன் கண்ணு"ன்னாங்க. வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, பையன் ராத்திரி பூரா ஃபேனும் லைட்டும் போட்டுட்டு படிக்கறானே, அதுவா இருக்கும்ங்க"ன்னா. பக்கத்து தோட்டத்து மாமா ஒருபடி மேல போயி சோலார் போட்டுரு மாப்ள, மத்திய அரசு மானியம் குடுக்கறாங்கன்னாரு. அது நெசந்தான், 2024ல வந்த பிஎம் சூர்யகர் திட்டத்துல ரெண்டு கிலோவாட் வரைக்கும் கிலோவாட்டுக்கு 30,000, மூணு கிலோவாட் போட்டா 78,000 மானியம். ஆனா எங்க போகுதுன்னே தெரியாத கரண்டுக்கு மேல பேனல் போட எனக்கு மனசு வரல.

இந்தப் பக்கம் கரண்டு கணக்கு பேசறது புதுசு இல்லைங்க. 1970ல யூனிட்டுக்கு 8 பைசாவ 10 பைசா ஆக்குனதுக்கு விவசாயிங்க தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில கோயமுத்தூர் ஜில்லாவே கெளம்புச்சு, பெருமாநல்லூர்ல மூணு விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. எங்க அப்பாரு அந்தக் காலத்து ஆளு, கடைசி வரைக்கும் பில்லுல பணத்தப் பாக்க மாட்டாரு, யூனிட்டத்தான் பாப்பாரு.

சரி, மீட்டருக்கு வரேன். 3200 இம்ப்னா 3200 தடவை மின்னினா ஒரு யூனிட். அப்ப ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு பாத்து, 1125ஐ அந்த செகண்டால வகுத்தா அந்த நேரத்துல வீடு எத்தனை வாட் இழுக்குதுன்னு வந்துரும். 1600 மீட்டரா இருந்தா 2250ஐ வகுக்கணும். இதுக்கு தனியா எந்த கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். 3200 மீட்டர்ல 11 செகண்டுக்கு ஒருக்கா மின்னினா சுமாரா 100 வாட்.

பொழுதோட எல்லாரையும் வாசல்ல உக்கார வச்சுட்டு வீட்ல ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணினேன். ஃபேன், லைட்டு, டிவி, ஃப்ரிட்ஜ் பிளக்கு, இன்வெர்ட்டர் பிளக்கு எல்லாமே. மீட்டர்ல போயி பாத்தா ஆறு, ஆறரை செகண்டுக்கு ஒருக்கா மின்னுது. 175 வாட்டுக்கு பக்கம். ஒண்ணுமே ஓடாத வீட்ல 175 வாட். ஒரு நாளைக்கு நாலு யூனிட்டுக்கு மேல, ரெண்டு மாசத்துக்கு 250 யூனிட். 380க்கும் 640க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அப்படியே கையில வந்துருச்சு.

அடுத்து வீட்டு லைனெல்லாம் பிரியற டிபி பாக்ஸ்ல எம்சிபி, அதாவது ஒவ்வொரு லைனயும் அறுக்கற சுவிட்ச், ஒவ்வொண்ணா எறக்கினேன், எல்லாத்தயும் எறக்கியும் மின்னுது. இங்கதான் பல பேரு மீட்டர் கெட்டுப் போச்சு, ஓவரா ஓடுதுன்னு முடிவு பண்ணிருவாங்க. ஆனா கீழ மெயின் சுவிட்சை எறக்கின உடனே நின்னுருச்சு. மீட்டர் தானா ஓடறதா இருந்தா மெயின் எறக்கின பின்னாடியும் ஓடணும், ஓடல, அப்ப கரண்டு நம்ம பக்கந்தான் போகுது.

இந்த இடத்துல நான் ஈபிக்கு ஃபோன் போட்டேன், ஏன்னா ஈஎல் லைட்டுக்கு என்ன அர்த்தம்னு மீட்டர் வச்சவங்கதான் சரியா சொல்லணும். மின்னகம்னு 2021 ஜூன்ல சென்னையில ஆரம்பிச்ச சேவை மையம், 94987 94987, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்நாடு பூராவுக்கும் ஒரே நம்பர். பேசறப்ப ஈபி வெள்ளை அட்டைய கையில வச்சுக்கங்க, சர்வீஸ் நம்பர் கேப்பாங்க. இன்னொண்ணு, "பில்லு ஜாஸ்தியா வருது"ன்னு மொட்டையா சொல்லாதீங்க, அப்படி சொன்னா "நீங்க யூஸ் பண்ணிருப்பீங்க"ன்னுதான் பதில் வரும். "எல்லா எம்சிபியும் ஆஃப்ல இருக்கறப்பவும் பல்ஸ் லைட்டு மின்னுது, ஈஎல் லைட்டு எரியுது"ன்னு சொல்லுங்க. நானும் அப்படித்தான் சொன்னேன், கம்ப்ளைண்ட் நம்பர் மெசேஜ்ல வந்துச்சு, அது நம்ம ஏரியா செக்‌ஷன் ஆபீசுக்கு போயிரும். அங்கிருந்து வயர்மேன் ஒருத்தர் வந்தாரு.

மனுசன் ரொம்ப பொறுமையான ஆளு. மீட்டரப் பாத்த உடனேயே, "ஏனுங்ணா, இந்த லைட்டு எத்தனை நாளா எரியுது?"ன்னாரு. "தெரியலீங்க, பில்லு வந்தப்பறம்தான் கவனிச்சேன்"னேன். பையில இருந்து டாங் டெஸ்டர் எடுத்து மீட்டர்ல இருந்து வெளிய வர்ற ஃபேஸ் வயர மட்டும் கவ்வ வச்சாரு, 0.8 ஆம்பியர் பக்கம் காட்டுச்சு. நியூட்ரல மட்டும் வச்சாரு, ஜீரோ.

"பாத்தீங்களா, போன கரண்டு திரும்பி வரல"ன்னாரு. "வாய்க்கால்ல விட்ட தண்ணி வயலுக்கு வராம எலி வங்குல எறங்கற மாதிரிங்ணா. எங்கயோ மண்ணுல எறங்குது, ஈஎல்னா எர்த் லீக்கேஜ், அதான் அந்த லைட்டு எரியுது. மீட்டருக்கு ரெண்டு பக்கமும் கண்ணு இருக்கு, எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் யூனிட் போடும்."

சரியா இருக்கற வீட்ல ஃபேஸையும் நியூட்ரலையும் சேத்து ஒரே கவ்வுல வச்சா ஜீரோ காட்டணும், ஏன்னா போறதும் வர்றதும் ஒண்ணையொண்ணு அடிச்சுரும். எவ்வளவு காட்டுதோ அவ்வளவும் லீக்கு. வீட்டுக்குள்ள வயரிங்க பாக்கறது எங்க வேலை இல்லைங்கன்னு சொல்லிட்டாரு, அது நியாயந்தான், மீட்டர் வரைக்கும் அவங்க, அதுக்கு அப்பறம் நம்ம. ஆனா போறப்ப ஒரு வார்த்தை விட்டுட்டு போனாரு, "போர் லைனு டிபிக்கு போகாம மெயின்ல இருந்தே நேரா போகுது, மொதல்ல அதப் பாருங்க."

அதேதான். போர் பேனலுக்கு, அதாவது மோட்டார் போடற ஸ்டார்ட்டர் பொட்டிக்கு, போற வயரு மெயின் சுவிட்சுக்கு அடுத்தே பிரிஞ்சு போகுது, அதனாலதான் டிபில எல்லாத்தயும் எறக்கியும் ஓடிட்டு இருந்திருக்கு. ஆனா மோட்டாரு ஆஃப்ல தானே இருக்கு, பேனல்ல எம்சிபியும் கீழ எறங்கிதானே இருக்குன்னு மண்டையப் போட்டு உருட்டினேன். தெரிஞ்ச எலக்ட்ரிசியன் தம்பி ஒருத்தன கூட்டிட்டு வந்து பேனலத் தொறந்தோம். எம்சிபி ஆஃப்ல இருக்கறப்பவே மோட்டாருக்கு போற டெர்மினல்ல டெஸ்டர வச்சான், பளிச்சுனு எரியுது. எல்லா டெர்மினல்லயும் எரியுது.

அதுக்கு சில மாசம் முன்னாடி பழைய பேனல் கருகிப் போயி புதுசு மாத்தியிருந்தோம். மாத்துன ஆளு ரெண்டு வயரயும் எடமாத்திக் கொடுத்திருக்காரு. உள்ள இருக்கறது ஒரு வயர மட்டும் அறுக்கற சிங்கிள் போல் எம்சிபி, அது ஃபேஸ அறுக்கறதுக்கு பதிலா நியூட்ரல அறுக்குது. நியூட்ரல அறுத்தாலும் மோட்டாரு நிக்கும், அதனால யாருக்கும் தெரியாது. ஆனா ஃபேஸ் எப்பவும் கேபிள் வழியா கீழ மோட்டார் வரைக்கும் போயி நின்னுட்டு இருக்கும். கீழ தண்ணிக்குள்ள ஜாயிண்ட்ல டேப்பு விட்டுருந்தா அந்த வழியா தண்ணியில எறங்கி மண்ணுக்கு போயிட்டே இருக்கும், இருபத்திநாலு மணி நேரமும். லீக்கு அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும், அப்பெல்லாம் மோட்டாரு ஓடற அரை மணி நேரம் மட்டும் போயிருக்கும், பில்லுல தெரிஞ்சிருக்காது. பேனல் மாத்தின பின்னாடி நாள் பூரா.

பில்லு கெடக்கட்டும்ங்க, கேசிங் பைப்பு இரும்பு, பசங்க அதுமேல காலு வச்சு வெளையாடற எடம். அதை நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

அன்னைக்கே மெயின எறக்கிட்டு ஃபேஸ், நியூட்ரல் சரி பண்ணி, சிங்கிள் போல கழட்டிட்டு டபுள் போல் எம்சிபி போட்டோம், அது ரெண்டு வயரயும் சேத்து அறுக்கும். மெயின ஏத்தினா பல்ஸ் லைட்டு மின்னவே இல்ல, ஈஎல் அணைஞ்சிருச்சு. மோட்டார போட்டா மட்டும் ஈஎல் மறுபடி எரியுது, ஆஃப் பண்ணினா அணையுது. அப்ப கீழ ஜாயிண்ட் போனது உறுதி. அத விட்டு வைக்கக் கூடாதுன்னு மோட்டாரத் தூக்கற வண்டிக்கு சொல்லி விட்டோம்.

மோட்டாரு மேல வந்தப்ப அந்த ஜாயிண்ட்ட நல்லா பாத்தேன். மேல சுத்தின கருப்பு பிவிசி டேப்பு ஊறி உப்பியிருக்கு, கைய வச்சா வழுக்கிட்டு கழண்டு வருது, பசை பூரா சேறாட்டம் ஆயிருச்சு. மூணு ஜாயிண்ட்ல ஒண்ணுல மட்டும் செம்பு பச்சை பூத்து, ஊசி முனை அளவுக்கு ஒரு எடத்துல கருகின புள்ளி. அவ்ளோதான் ஓட்டை. உள்ள ரப்பர் டேப்பே சுத்தல, வெறும் பிவிசி டேப்ப மட்டும் சுத்தி எறக்கியிருக்காங்க.

வைண்டிங் கடைக்காரரே வந்து புதுசா ஜாயிண்ட் போட்டாரு. மூணு வயரயும் ஒரே எடத்துல வெட்டாம ஏத்தி எறக்கி வெட்டினாரு, அப்பத்தான் ஜாயிண்ட் ஒண்ணுமேல ஒண்ணு உக்காராது. செம்ப உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, முறுக்கி, ஈயம் வச்சு, மேல ரப்பர் டேப்ப நல்லா இழுத்து இழுத்து பாதிமேல பாதி வர்ற மாதிரி சுத்தி, அதுக்கு மேலதான் பிவிசி டேப்பு. அப்பறம் அவர் செஞ்ச ஒரு வேலை எனக்கு ரொம்ப புடிச்சுது, ஜாயிண்ட்ட மாட்டுத் தண்ணித் தொட்டியில முக்கி வச்சு, கேபிளோட மேல் முனையில மெக்கர், அதாவது இன்சுலேஷன் டெஸ்ட் பண்ற கருவி, ஒரு பக்கம், தொட்டித் தண்ணியில இன்னொரு பக்கம் வச்சு சுத்தினாரு. முள்ளு நல்லா ஏறி நின்னப்பறம்தான் எறக்கலாம்னாரு. மோட்டாரு எறக்கறவங்ககிட்ட இத கேட்டு வாங்குங்க, எறக்கின பின்னாடி தெரிஞ்சா மறுபடி வண்டி வாடகை.

லீக்கு போனப்பறமும் நான் அந்த லைட்ட விடலைங்க, பழகிருச்சு. ஃப்ரிட்ஜ் பிளக்க புடுங்கிட்டு, மத்ததெல்லாம் சுவிட்ச்ல ஆஃப் பண்ணிட்டு பாத்தா இருபது செகண்டுக்கு ஒருக்கா மின்னுது, 56 வாட். ஒவ்வொண்ணா கழட்டினதுல பெரும்பங்கு இன்வெர்ட்டர். பேட்டரி வயசாயிருச்சு, ஃபுல்லே ஆகாம சும்மா சூடாயிட்டே சார்ஜ் இழுத்துட்டு இருக்கு, டிஸ்டில்ட் வாட்டர் அடிக்கடி ஊத்த வேண்டி இருந்ததுக்கும் அதுதான் காரணம். 56 வாட்டுன்னா ரெண்டு மாசத்துல 80 யூனிட். பேட்டரி மாத்தின பின்னாடி முக்கா நிமிசத்துக்கு ஒருக்கா தான் மின்னுது.

ஃபேன் மூணையும் கம்மி கரண்டுல ஓடற பிஎல்டிசி ஃபேனா மாத்தினேன். பழசு 75 வாட் இழுத்துச்சு, இது ஃபுல் ஸ்பீட்ல 30 பக்கம். தினம் பன்னெண்டு மணி நேரம்னு வச்சா மூணுக்கும் சேத்து ரெண்டு மாசத்துக்கு 95 யூனிட் கம்மி. 2023 ஜனவரில இருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், அதனால கடையில கேட்டு அஞ்சு ஸ்டாரா வாங்குங்க. மாட்டறப்ப பழைய ரெகுலேட்டர கழட்டி நேர் லைன் குடுத்துருங்க, ரெகுலேட்டர் வழியா ஓட்டினா உள்ள இருக்கற போர்டு போயிரும். ஒரே தொல்லை ரிமோட்டு, அம்மா தலைகாணிக்கு அடியில வச்சுட்டு வீடு பூரா தேடுவாங்க.

டியூப்லைட், பல்பு எல்லாம் எப்பவோ எல்ஈடி ஆயிருச்சு, அதுல ஒண்ணும் பெருசா இல்ல. ஃப்ரிட்ஜ நான் குறை சொல்லவே மாட்டேன், அம்மாகிட்ட இன்னும் ஒத்துக்க வைக்க முடியல.

அடுத்த முழு பில்லு 270 யூனிட் சொச்சம். அதே 2022 ரேட்ல போட்டா 540 ரூவா. பழைய 3,110 ரூவாய திருப்பிக் கேக்க முடியுமான்னு செக்‌ஷன் ஆபீஸ்ல கேட்டுப் பாத்தேன், மீட்டர் சரியா இருக்கறப்ப முடியாதுன்னுட்டாங்க. எரிச்சல்தான், ஆனா கரண்டு நம்ம வீட்டு வழியாத்தான் போயிருக்கு, அவங்கள என்ன சொல்றது. உங்களுக்கு மீட்டர் மேலயே சந்தேகம்னா, அதாவது மெயின எறக்கின பின்னாடியும் பல்ஸ் மின்னினா, ஃபீஸ் கட்டி மீட்டர் டெஸ்டுக்கு எழுதிக் குடுக்கலாம், அதுல மீட்டர் தப்புன்னு வந்தா பில்ல திருத்தணும். அப்பவும் ஒத்து வரலைன்னா ஒவ்வொரு மின் வட்டத்துலயும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கு. மீட்டர் சீல மட்டும் கையில தொட்டுறாதீங்க, அது வேற கேஸ் ஆயிரும்.

மாமா சொன்ன சோலார் கணக்கையும் போட்டுப் பாத்தேன். ஒரு கிலோவாட் பேனலு நல்ல வெயில்ல நாளைக்கு நாலு யூனிட் பக்கம் குடுக்கும். அப்பவே அவசரப்பட்டு போட்டிருந்தா ஒரு கிலோவாட் பேனல் ஒழைக்கறது பூரா போர் குழிக்குள்ள எறங்கியிருக்கும். இப்ப 270 யூனிட்டுக்கு எங்க வீட்டுக்கு சோலார் தேவையே இல்ல, 700, 800னு ஓடற வீட்டுக்கு நல்ல விசயம்தான்.

கடைசியா ஆர்சிசிபி, அதாவது கரண்டு மண்ணுக்கு லீக்கானா தானாவே லைன அறுத்துடற சுவிட்ச். போர் லைனையும் சேத்து மெயினுக்கு அடுத்தே 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி போட்டோம், புது சர்வீஸ் வாங்கறப்ப இப்பெல்லாம் இதக் கேக்கறாங்க. இது முன்னாடியே இருந்திருந்தா அந்த 0.8 ஆம்பியர் லீக்குக்கு மொத நாளே ட்ரிப் ஆயிருக்கும். போட்ட உடனே ஒரு தகராறு, ஏத்தின அடுத்த நிமிசமே விழுந்துருது. லீக்கு இல்ல, மாட்டுக்கொட்டாய் லைட்டுக்கு ஃபேஸ ஆர்சிசிபிக்கு அப்பறம் எடுத்துட்டு நியூட்ரல பழைய லைன்ல ஆர்சிசிபிக்கு முன்னாடி இருந்து எடுத்திருக்காங்க, அதனால போறதும் வர்றதும் பொருந்தல. நியூட்ரல இழுத்து அதே பக்கம் கொண்டு வந்தப்பறம் நிக்குது. எலக்ட்ரிசியன் "அடிக்கடி விழுதுங்ணா, கழட்டிரலாம்"னு சொன்னா கேக்காதீங்க, எந்த லைன ஏத்தினா விழுதுன்னு ஒவ்வொண்ணா பாக்கச் சொல்லுங்க. அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமுக்கிப் பாக்கணும், எங்க வீட்ல அது இப்ப பையன் வேலை.